புழுவுக்கு விட்ட கொல்லை

பூச்சித் தடுப்புக்குச் சர்க்கார் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முகம் மலர்ந்து பேசிக்கொள்வதைப் பார்க்கிறேன். சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மருந்தை எந்தப் பயிருக்கு எவ்வளவு அடிப்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் சொல்லப் போவது தடுப்புப் பணம் எந்த வழியாக வருகிறது, வருகிற வழியில் யாரை மிதித்துக்கொண்டு வருகிறது என்பதை. கேட்டுவிட்டு, கிழவன் வாயெல்லாம் விஷம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தோடு புழங்கியவன் வாயில் தேனா வடியும்?

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் திண்டிவனத்தில் விவசாய டெமான்ஸ்டிரேட்டராக இருந்தேன். சர்க்கார் சொல்லும் புது முறைகளை ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் செய்து காட்டுகிற வேலை. அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் ஜனங்கள் என்னைப் 'பூச்சிக்காரர்' என்று கூப்பிட்டார்கள். ஒரு சைக்கிளும் ஒரு காக்கித் தொப்பியும்தான் என் படை. மேலதிகாரி விழுப்புரத்தில் இருந்தார். அவர் பெயரையும், நான் சொல்லப் போகும் ஊரின் பெயரையும் கேட்காதீர்கள். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே போனால் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களைவிட அது கெட்ட ஊரும் இல்லை, நல்ல ஊரும் இல்லை.

அங்கே மழையை நம்பி மல்லாட்டை போடுவார்கள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். புன்செய் நிலத்தைக் கொல்லை என்பார்கள். மல்லாட்டைக்கு எமன் சிவப்புக் கம்பளிப்பூச்சி. மண்ணுக்குள் கூடு கட்டித் தூங்கிக்கொண்டே இருக்கும். முதல் நல்ல மழை மண்ணை நனைத்ததும், விளக்கு வைக்கிற நேரத்தில் அந்துப்பூச்சியாகக் கிளம்பி வந்து இலைக்கு அடியில் கும்பல் கும்பலாக முட்டை வைக்கும். முட்டை பொரித்துப் புழுவாகி, ஒரு கொல்லையைத் தின்று முடித்ததும் பட்டாளம் மாதிரி அடுத்த கொல்லைக்கு நடக்கும். அது நடக்கத் தொடங்கிவிட்டால் கலெக்டரே வந்தாலும் வேடிக்கைதான் பார்க்கலாம். ஆகவே மழை பெய்த கையோடு, பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குக் கொல்லை தீ மூட்டி அந்தை இழுத்துச் சாகடிக்க வேண்டும். தப்பியது வைத்த முட்டையை இலையோடு கிள்ள வேண்டும். இதற்கு விறகும் மண்ணெண்ணெயும் கூலி ஆட்களும் தேவை. பணம் தேவை என்று அர்த்தம், அதுவும் பூச்சி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே தேவை.

முதல் வருஷம் எப்படியோ ஒரு சின்னத் தொகை அனுமதியாகி வந்துவிட்டது. மேலே யாரோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கோடையிலேயே எண்ணெய் டின்களை வாங்கி ஊர்ச் சாவடியில் அடுக்கிவிட்டேன். மழை பெய்தது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஊரைச் சுற்றிக் கார்த்திகைச் சொக்கப்பனை கொளுத்தியது மாதிரி எரிந்தது. அந்து கொட்டிக் கொட்டி வெந்தது.

அந்தத் தீக்கு விறகு சுமந்தவர்களில் அந்தோணியம்மா என்று ஒரு பெண் இருந்தாள். சேரியைச் சேர்ந்தவள். அவள் கணவன் திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கி, இடுப்பு போய், வீட்டோடு கிடந்தான். அவர்கள் வம்சத்தில் யாரும் கூலி வேலை தவிர வேறு கண்டதில்லை. அவள்தான் முதல்முதலாகத் துணிந்து, கிராம முன்சீப்பின் கிழக்குக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டாள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகையை அளந்துவிட வேண்டும் என்பது பேச்சு. அந்த வருஷம் நன்றாகவே விளைந்தது. குத்தகையை அளந்துவிட்டு, விதைக்கும் எடுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வெள்ளாமை இப்டி வந்துட்டா போதும் சாமி. அப்பறம் நாங்க எவன் களத்துலயும் போயி கையேந்திக்கினு நிக்க வேணாம்."

நான் அதே சந்தோஷத்தில் அறிக்கை எழுதினேன். தடுப்பு முழு வெற்றி, புழுவால் சேதம் எதுவும் இல்லை என்று. தம்பிகளே, நம் இலாகாவில் ஒருவன் இதைவிட அசட்டு வாக்கியம் எழுத முடியாது. கணக்குத் தணிக்கையிலிருந்து கேள்வி வந்தது: சேதமே இல்லாத ஊரில் பூச்சித் தடுப்புக்குச் செலவு செய்ய வேண்டிய அவசியம் என்ன? அதே வருஷம் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் என் சக ஊழியர் ஒருவர் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, நாற்றங்கால்களைப் படைப்புழு மொட்டையடித்துவிட்டது. அவர் ஓடி வந்து அலறித் தந்தி கொடுத்தார். அடுத்த வருஷத்து கிராண்ட் அவருக்குப் போயிற்று, கூடவே பாராட்டும். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவனுக்குத்தான் இங்கே பிரசாதம்.

மெமோவை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எனக்கு முதல் பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவர். லஞ்சம் வாங்காதவர். மலேரியாவில் நடுங்கிக்கொண்டே கிராமம் சுற்றுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தை எரிச்சே, சரி. எரிச்சதுக்கு அத்தாட்சி என்ன வெச்சிருக்கே?" என்றார்.

"சாம்பல்தான் சார்."

"சாம்பலை ஆடிட்டுக்குப் பார்சல் அனுப்புவியா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பாருப்பா. பூச்சியைக் கொன்னா நம்ம கடமை முடிஞ்சுது. பூச்சியைக் காட்டினாத்தான் அடுத்த வருஷம் பணம். ஊர்ல ஒரு கொல்லையை விட்டுடு. சுத்தியும் பச்சை, நடுவுல ஒண்ணு மட்டும் மொட்டை. போட்டோ எடுத்து அனுப்பலாம். தடுப்பு இல்லேன்னா என்ன ஆகும்னு அப்பத்தான் அவனுங்க கண்ணுக்குத் தெரியும். பழைய ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் செய்றோம்."

"சர்க்கார் பண்ணையிலேயே ஒரு துண்டை விட்டுடலாமே சார்?"

"சர்க்கார் பண்ணையில புழு வந்தா அதுக்கு கிராண்ட் வராதுப்பா, எனக்கு மெமோ வரும்."

அந்த வருஷச் செலவுக்குத் தன் அதிகாரத்தில் இருந்த கையிருப்புப் பணத்திலிருந்து எண்ணெய்க்கு ஏற்பாடு செய்தார். அதற்கு அடுத்த வருஷம் முதல் முறையான கிராண்ட் வர வேண்டுமானால் ஒரு மொட்டைக் கொல்லை வேண்டும். இதுதான் பேரம். ஒரு கொல்லை போனால் ஒரு வட்டாரமே பிழைக்கும் என்றார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. கணக்கில் தப்பே வராத இடத்தில்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சாவடியில் ஊர் கூடியது. சேரியிலிருந்து வந்தவர்கள் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார்கள், அந்தோணியம்மாவும் நின்றாள். நான் விஷயத்தை மூடி மறைக்காமல் சொன்னேன். ஒரு கொல்லையை விட வேண்டும், விடுகிறவருக்கு ஊர் ஈடு கட்ட வேண்டும் என்றேன். எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கிராம முன்சீப் எழுந்தார். ஊரின் வரியும் வழக்கும் அவர் கையில்தான்.

"ஊருக்கு ஒரு கஷ்டம்னா மொதல்ல நாந்தான் குடுக்கணும். என் கெழக்குக் கொல்லைய உட்டுடறேன். புழு தின்னுட்டுப் போவட்டும்" என்றார்.

சாவடியில் ஒரே ஆரவாரம். வள்ளல் என்றார் ஒருவர். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததை இவ்வளவு கம்பீரமாகச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அது குத்தகைக்கு விட்ட நிலமாச்சே" என்றேன்.

"இருந்தா இன்னா சார்? பட்டா யார் பேர்ல இருக்குது?"

"பயிர் அந்தோணியம்மாவுதுங்க. நஷ்டம் அவளுக்கு. குத்தகையை நீங்க விட்டுக்கொடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "குத்தகை வேற, ஊர்க் காரியம் வேற சார். அவளுக்குத்தான் ஊரே ஈடு கட்டப் போவுதே. களத்துல ஆளுக்கு ஒரு மரக்கா மல்லாட்ட அளந்து உட்டா, அவ வெளைய வெச்சதுக்கு மேலயே வந்துடும். நாங்க இன்னா மனுசங்க இல்லியா?"

அறுவடையின்போது ஊர்ப் பணியாளர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கும் பங்குக்கு மேரை என்று பெயர். அந்த வருஷம் அந்தோணியம்மாவுக்கும் ஒரு மேரை என்று முடிவாயிற்று. வாய் வார்த்தை போதாது என்று நான் அடம்பிடித்தேன். சரி என்று எல்லோரும் அம்மன் கோயிலுக்குள் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, விபூதியோடு வெளியே வந்தார்கள். நான் புளியமரத்தடிக்குப் போய் அந்தோணியம்மாவைக் கேட்டேன். இஷ்டமில்லை என்றால் சொல், நான் இந்த ஊரையே விட்டு வேறு ஊர் பார்க்கிறேன் என்றேன்.

"நான் இன்னா சாமி சொல்றது? வேணாம்னா வர்ற வருசம் எனக்கு ஏது குத்தகை?" என்றாள். கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "உள்ள சத்தியம் பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. எங்களத்தான் அந்தத் தெருவுக்கே உடமாட்டாங்களே, நான் எங்க பாத்தேன்? நான் பாக்கற மாதிரி இங்க வந்து பண்ணியிருந்தாங்கன்னா நல்லாருக்கும்."

நான் முன்சீப்பிடம் போய், இன்னொரு முறை புளியமரத்தடியில் வைத்துச் சத்தியம் செய்யுங்கள் என்றேன். அம்மன் ஒருத்திதான் சார், சத்தியமும் ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார்.

மழை வந்தது. எல்லாக் கொல்லையிலும் தீ எரிந்தது, கிழக்குக் கொல்லையைத் தவிர. அதைச் சுற்றி மட்டும் இருட்டு. ஆனால் சர்க்கார் பணத்தில் அந்த வருஷம் பெரிய செலவு நடந்தது அந்தக் கொல்லையில்தான். முன்சீப் ஆட்களை வைத்து அதைச் சுற்றி நான்கு பக்கமும் செங்குத்தாகப் பள்ளம் வெட்டினோம். வழக்கமாகப் புழு உள்ளே வராமல் இருக்கத்தான் பள்ளம் வெட்டுவோம். இந்தப் பள்ளம் உள்ளே இருக்கும் புழு வெளியே போகாமல் இருக்க. அவள் பயிரையும் புழுவையும் ஒன்றாக உள்ளே வைத்துப் பூட்டியது போல இருந்தது.

முட்டை பொரிக்கும் சமயத்தில் காலையில் போனேன். வரப்பில் முன்சீப்பின் ஏவலாளான தலையாரி தடியோடு உட்கார்ந்திருந்தார். அந்தோணியம்மா செடிகளுக்கு நடுவில் நின்று ஓர் இலையைத் திருப்பிப் பிடித்திருந்தாள். இலைக்கு அடியில் பிறந்து வந்த புழுக்கள் நூல் நூலாக நெளிந்தன.

"சாமி, இந்த எலைய மட்டும் கிள்ளிப் போட்டுட்டா ஒரு கொத்துப் புழு அப்டியே போயிடும். கிள்ள உடமாட்றாரு. எம் பயிரு சாமி, கையி சும்மா இருக்க மாட்டேங்குது."

"இன்னா சார் பண்றது? போட்டோ புடிக்கிற வரைக்கும் ஒரு எலை கொறையக்கூடாதுன்னு முன்சீப் உத்தரவு" என்றார் தலையாரி.

எனக்குத் தோன்றியது ஒரே வழி. படத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால், மிச்சத்தை அவள் காப்பாற்றிக்கொள்வாள். படம் எடுக்கப் புழு முழுதும் தின்றிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சைக்கிளைத் திருப்பினேன், திண்டிவனத்தில் ரயில் பிடித்தேன். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, இன்றைக்கே போட்டோக்காரரை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆனி மாசம்ப்பா. ஸ்டூடியோக்காரன் முகூர்த்தம் முகூர்த்தமா அலையறான். கல்யாணக் கூட்டம் ஓஞ்சாத்தான் வருவான்."

"அதுவரைக்கும் புழு காத்திருக்குமா சார்?"

"தின்னட்டுமே. பாதி தின்ன கொல்லை போட்டோவில தெரியாது. இலையும் மண்ணும் ஒரே கறுப்பாத்தான் விழும். மொட்டையா இருந்தாத்தான் எடுபடும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானே ஸ்டூடியோவுக்குப் போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக் கேட்டேன். மாலை மாற்றும் படம் தவறினால் பெண் வீட்டார் அடிப்பார்கள், மல்லாட்டை தவறினால் யார் அடிப்பார்கள் என்று கேட்டான்.

கல்யாணங்கள் முடிந்து அவன் வந்தபோது கொல்லையில் காம்புதான் நின்றது. முன்சீப் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பக்கத்தில் அதிகாரி. வரப்பில் நின்ற அந்தோணியம்மாவின் புடவை ஓரத்தில் விழுகிறது என்று போட்டோக்காரன் சொன்னான். "ஏம்மா, கொஞ்சம் அப்பால நவுந்துக்கோ." அவள் நகர்ந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். படம் நன்றாக விழுந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மிச்ச மழைக்கு அவள் அந்த நிலத்தில் கொள்ளு விதைத்தாள். கொள்ளை விற்றுக் குத்தகை கட்ட முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

அதிகாரி அருமையான அறிக்கை எழுதினார். பட்டாதார் பொதுநலத்துக்காகத் தன் நிலத்தை விட்டுக்கொடுத்தார் என்று ஒரு பத்தி. தடுப்பு செய்த கொல்லைகளுக்கும் செய்யாத கொல்லைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக் காட்ட, 'இந்நிலத்தில் பயிரிடுபவர் தடுப்பு நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை' என்று இன்னொரு பத்தி. இரண்டும் ஒரே நிலம்தான். தியாகம் பட்டாதார் பெயரில் பதிவாயிற்று, சும்மா இருந்தது பயிரிடுபவர் பெயரில்.

ஒரு நாள் அந்தோணியம்மா நடந்தே திண்டிவனத்துக்கு என் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"தலையாரி குடுத்தாரு. குடுக்கறப்ப சிரிச்சாரு. நல்ல சேதியா சாமி?"

தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் அது. அந்த வட்டாரத்தில் பூச்சிச் சட்டம் அமலில் இருந்தது. சட்டப்படி, தடுக்காமல் விட்ட சாகுபடிக்காரருக்கு அபராதம் உண்டு. சர்க்கார் அவருடைய நிலத்தில் செய்த தடுப்பு வேலைக்கான செலவையும் அவரிடமே வசூலிக்கலாம். அறிக்கையைப் படித்த யாரோ ஒரு குமாஸ்தா, கண்ணும் கருத்துமாகத் தன் கடமையைச் செய்துவிட்டார். பள்ளம் வெட்டிய செலவு முழுதும் அவள் தலையில் ஏறியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்.

"பள்ளம் நான் வெட்டச் சொன்னனா? உள்ள பூட்டி வெச்சாங்களே, அப்ப அந்தப் புழுவெல்லாம் என்னுதுங்களா சாமி?"

அன்றைக்கே விழுப்புரம் போய், ஆபீஸில் எல்லோரும் கேட்கும்படி சத்தம் போட்டேன். நாம் வேண்டுமென்றே விட்ட கொல்லை, நம் உத்தரவுப்படி அவள் சும்மா இருந்தாள் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நோட்டீஸ் தானாக ரத்தாகிவிடும் என்றேன்.

அதிகாரி கதவைச் சாத்தினார். "அந்த ஒரு வரி எழுதினா என்ன ஆகும் தெரியுமா? வேணும்னே பயிரைப் புழுவுக்குப் போட்டான்னு ஆகும். கிராண்ட் போச்சு. வர்ற வருஷம் உன் வட்டாரம் பூரா மொட்டை. ஒருத்தியா, ஊரா? நீயே சொல்லு."

"ஊர்தானே சார் அவளைத் தேர்ந்தெடுத்தது?"

"அபராதத்தை நான் தாசில்தார்கிட்ட பேசி நிறுத்தறேன். பள்ளத்துச் செலவு கணக்குல ஏறிடுச்சு, அதை இறக்க என்னால ஆகாது" என்றார். சொன்னபடி அபராதத்தை நிறுத்தினார். பள்ளத்துச் செலவுக்கு அவள் ஆடுகள் இரண்டையும் கூட்டேரிப்பட்டுச் சந்தையில் விற்றாள்.

அதற்குள் அறுவடை வந்துவிட்டது. சத்தியம் செய்தவர்கள் களத்தில் இருந்தார்கள், அவள் கூடையோடு ஓரமாக நின்றாள். முதலில் முன்சீப் அளக்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். நானும் அங்கே நின்றேன். முன்சீப் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"குடுக்கணும்னுதான் இருந்தோம் சார். இப்ப அவமேல கெவர்மெண்டு நோட்டீசு உட்டிருக்குது. சர்க்காரே குத்தவாளின்னு சொன்னவளுக்கு ஊரு மேரை அளந்தா, நாளைக்கு எங்களக் கேக்க மாட்டாங்களா? அம்மன் பொறுத்துக்குவா. தாலுகா ஆபீசு பொறுத்துக்குமா?"

மற்றவர்கள் மரக்காலைக் கவிழ்த்து வைத்தார்கள். செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி எல்லோர் முகத்திலும் இருந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழவர் மட்டும் தன் அம்பாரத்திலிருந்து இரண்டு கை அள்ளிக் கூடையில் போட்டார். அந்தோணியம்மா அதை அவர் அம்பாரத்திலேயே திரும்பக் கொட்டிவிட்டு நடந்தாள்.

நான் நேராக மேலிடத்துக்கே எழுதினேன். விட்டது, பூட்டியது, படம் பிடித்தது எல்லாவற்றையும் எழுதினேன். என் வேலை போகும், கிராண்டும் நிற்கும் என்று நினைத்துத்தான் தபாலில் போட்டேன். என்ன நடந்தது தெரியுமா? அது அப்படியே கீழே இறங்கி, 'தங்கள் கருத்துக்கு' என்று அதே அதிகாரியின் மேஜைக்கு வந்தது. ஊழியர் அனுபவம் போதாதவர் என்று அவர் கருத்து எழுதினார். எனக்கு இன்கிரிமெண்ட் நின்றது. அடுத்த வருஷம் கிராண்ட், ஒரு பைசா குறையாமல், படத்தைப் பாராட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் ஊரே மொட்டையாகிவிடும் என்று அவர் பயந்தாரே, அந்தப் பயமும் வீண்தான். உண்மையை யாரும் படிக்கக்கூட இல்லை.

உங்களில் யாராவது ஒருவருக்கு இதே வேலை வரும். மாதிரி நிலம், ஒப்பீட்டு நிலம் என்று இப்போது வேறு பெயர் வைத்திருப்பார்கள். யாராவது தாராளமாக எழுந்து நின்று, என் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். கை தட்டாதீர்கள். நிலம் யாருடையது என்று கேட்காமல், பயிர் யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பயிர்க்காரர் எங்கே நிற்கிறார், சத்தியம் நடக்கும் இடம் அங்கிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஈட்டைக் கையில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் முதல் பள்ளத்தை வெட்ட விடுங்கள். இவ்வளவும் செய்தாலும் ஏமாறுவீர்கள். இருந்தாலும் செய்யுங்கள்.

அந்த ஊரில் அடுத்த ஆனியில் பணம் தாராளம். எண்ணெய் டின்கள், பெட்ரோமாக்ஸ் விளக்குகள், முட்டை பொறுக்கப் பெண்களுக்குக் கூலி என்று தடபுடலாக இருந்தது. குத்தகை பாக்கி என்று முன்சீப் கிழக்குக் கொல்லையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சொந்தப் பயிராக மல்லாட்டை போட்டிருந்தார். செடி செழிப்பாக நின்றது. பெண்கள் வரிசையாகக் குனிந்து முட்டை இலைகளைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் அந்தோணியம்மாவும் இருந்தாள். யாரும் தடுக்காமல், இலை இலையாகக் கிள்ளினாள்.

சாயங்காலம் வரப்பில் நின்று கூலி கொடுத்தேன். அவள் முறை வந்தது. காசை அவள் கையில் வைத்தேன். அவள் கையை மூடவில்லை.

"இது கெவர்மெண்டு துட்டுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. இல்லீங்க சாமி, போன வருசம் இந்தக் கொல்லையில நான் வெளைய வெச்ச துட்டு இது. ஊர்ல எல்லாருக்கும் பங்கு போட்டுட்டீங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சாமி கூலி?"

வரிசையில் பின்னால் நின்றவள் நேரமாகிறது என்று கையை நீட்டினாள். அந்தோணியம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டு விலகி வழிவிட்டாள்.